தூங்கு... சாப்பிடு... அப்புறம் பேசலாம்!

பி.காம். படித்தவர்களுக்குத் 'தேய்மானம்' என்றால் சட்டென்று புரியும். பத்து லட்ச ரூபாய்க்கு ஒரு மெஷின் வாங்கினால், அது வருஷா வருஷம் எவ்வளவு தேய்கிறது என்று கணக்குப் போட்டு லாபத்தில் கழித்துக்கொள்ள வேண்டும். நிலைத் தவணை முறை, குறைந்துசெல் மதிப்பு முறை என்று வழிகள் உண்டு. பரீட்சைக்கு நிச்சயம் வரும் கேள்வி. மெஷினுக்குத் தேய்மானம் உண்டு, மேஜை நாற்காலிக்கு உண்டு, முதலாளியின் காருக்கும் உண்டு. அந்த மெஷினை ஓட்டுகிற ஆளுக்கு மட்டும் ஐந்தொகைக் குறிப்பில் இடம் கிடையாது. அவருடைய சம்பளம் செலவுப் பக்கத்தில் ஒரு வரி. அவ்வளவுதான்.

ஆனால் ஆளும் தேய்கிறார். அதற்கு 1974-ல் பெயர் வைத்தவர் ஃப்ராய்டன்பெர்கர் என்கிற நியூயார்க் மனநல நிபுணர். பகல் முழுக்கத் தன் கிளினிக்கில் வேலை, ராத்திரி ஓர் இலவச மருத்துவமனையில் தொண்டு என்று ஓடி ஓடி, அவரே ஒரு கட்டத்தில் கரிக்கட்டையாகிப் போனார். 'பர்ன் அவுட்' என்று எழுதிவைத்தார். 2019-ல் உலக சுகாதார நிறுவனம் இதைத் தன் பட்டியலில் சேர்த்தது. 'நோய்' என்று சொல்லவில்லை; வேலை சம்பந்தப்பட்ட ஒரு நிலை என்றது. மூன்று அடையாளங்கள்: சக்தி முழுக்க வடிந்துபோவது, வேலையின் மீதே ஒரு கசப்பு, 'நாம எதுக்கும் லாயக்கில்லை' என்கிற நினைப்பு.

மூன்றும் எனக்கு வந்தன. இருபது வருஷத்துக்கு மேலாகச் செய்தி மேஜையில் உட்கார்ந்தவன் நான். ராத்திரி பதினோரு மணிக்கு முதல் பக்கம் முடிக்கிற பரபரப்பு ஒரு காலத்தில் காபி மாதிரி பிடித்திருந்தது. பிறகு போன் மணி அடித்தாலே வயிற்றைப் புரட்ட ஆரம்பித்தது. ஒருநாள் நான்கே வார்த்தை கொண்ட ஒரு தலைப்பைப் பத்து தடவை படித்தேன். ஒவ்வொரு வார்த்தையும் புரிகிறது. நாலும் சேர்ந்து என்ன சொல்கின்றன என்பது புரியவில்லை. பக்கத்து சீட் பையன், "சார், நான் முடிச்சிடறேன், நீங்க கிளம்புங்க" என்றான். டாக்டர் பி.பி. பார்த்தார், தூக்கத்துக்கு மாத்திரை எழுதினார். "ஒண்ணு லீவு போடுங்க, இல்லேன்னா வேலையை விடுங்க" என்றார்.

டாக்டருக்கு என்ன, சொல்லிவிட்டார். வீட்டுக்கடன் இன்னும் ஒன்பது வருஷம் பாக்கி. மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம். 'வேலையை விட்டுவிட்டு மலைக்குப் போய் ஆர்கானிக் காய்கறி போட்டேன், நிம்மதியாக இருக்கிறேன்' என்று பேட்டி கொடுப்பவர்களை நானே நாலைந்து பேரைப் பேட்டி எடுத்திருக்கிறேன். அவர்களில் யாருக்கும் இ.எம்.ஐ. இருந்ததாக ஞாபகம் இல்லை. வேலையையும் விடாமல், ஆளும் கெடாமல் பிழைக்க வழி உண்டா? இதுதான் என் கேள்வி.

கல்லூரி நண்பன் ஒருவன் போளூரில் வங்கி வேலையில் இருந்தான். "ஜவ்வாது மலைக்கு வாடா. நான் சொல்ற ஊர்ல டவர் கிடைக்காது" என்றான். உலகத்திலேயே அழகான வாக்கியம் அதுதான் என்று அன்றைக்குத் தோன்றியது. ஐந்து நாள் லீவு போட்டேன்.

ஜவ்வாது மலை ஊட்டி, கொடைக்கானல் வகையறா அல்ல. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என்று மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. ஸ்வெட்டர் போட்டு போட்டோ எடுத்துக்கொள்ளும் அளவுக்குக் குளிர் கிடையாது. ஜமுனாமரத்தூர்தான் மேலே பெரிய ஊர். சாமை, தேன், பலா, புளி. மலையாளி என்கிற பழங்குடி மக்கள். கேரளாவுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை, மலையை ஆள்பவர்கள், அதனால் மலையாளி. ஜமுனாமரத்தூரிலிருந்து இன்னும் உள்ளே, ஒரு சின்ன கிராமத்தில், நண்பனுக்குப் பழக்கமான ஒரு போதகர் வீட்டில் தங்க ஏற்பாடு.

'ஆஹா, மதப்பிரசாரம்' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நான் பிறந்ததே கிறிஸ்தவ வீட்டில்தான். ஞாயிற்றுக்கிழமை காலை கோயில், மத்தியானம் பிரியாணி என்று வளர்ந்தவன். பத்திரிகை வேலைக்கு வந்தபிறகு ஞாயிறு என்பது திங்கட்கிழமைப் பேப்பர் தயாராகும் நாளாகிவிட்டது. கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் எட்டிப் பார்க்கிற கேஸ்.

பாஸ்டருக்கு ஐம்பத்தைந்து வயசிருக்கும். அந்த மலைக்காரர். வார நாளில் சாமை விதைப்பார், மாடு மேய்ப்பார். ஞாயிறு ஆராதனை. ஏழெட்டு பெஞ்சு, தகரக் கூரை, அதுதான் கோயில். போன அன்றைக்கே அவர் உட்கார்த்திவைத்து உபதேசம் செய்வார் என்று எதிர்பார்த்தேன். "பிரதர், களைப்பா இருப்பீங்க. பாஸ்டரம்மா சாமைச் சோறு வச்சிருக்காங்க. சாப்பிட்டுப் படுங்க" என்றார். சாப்பிட்டுப் படுத்தவன் மறுநாள் பதினோரு மணிக்குத்தான் எழுந்தேன். மறுபடி சோறு, மறுபடி தூக்கம். அன்றைக்கும் ஜெபம், பைபிள் எதுவும் இல்லை. மூன்றாம் நாள் நானே கேட்டுவிட்டேன்: "என்ன பாஸ்டர், ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறீங்க?"

"எலியாவுக்கு அப்படித்தானே பண்ணாரு ஆண்டவரு?" என்றார்.

சண்டே ஸ்கூலில் கேட்ட கதைதான். பழைய ஏற்பாட்டில் வருகிற எலியா சாதாரண ஆள் இல்லை. கர்மேல் மலையில் ராஜா முன்னிலையில் நானூற்றைம்பது பேரை எதிர்த்துத் தனியாக நின்று ஜெயித்தவர். அதாவது, வாழ்க்கையின் மிகப்பெரிய ப்ராஜெக்ட் சக்சஸ்! அடுத்த நாள் யேசபேல் ராணியிடமிருந்து ஒரு மிரட்டல் வருகிறது. ஆள் அப்படியே பொலபொலவென்று உதிர்ந்துவிடுகிறார். வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடிக்குக் கீழே உட்கார்ந்து, 'போதும் சாமி, என்னை எடுத்துக்கோ' என்கிறார். தோற்ற பிறகு அல்ல, ஜெயித்த பிறகு. உடைந்துபோவது பெரும்பாலும் அங்கேதான். எலெக்‌ஷன் ரிசல்ட் ராத்திரி அத்தனை வேகமாக ஓடுகிற எங்கள் ஆட்கள், ரிசல்ட் முடிந்த மறுவாரம்தான் ஒவ்வொருவராக ஜுரத்தில் படுப்பார்கள்.

கடவுள் என்ன செய்கிறார்? 'உன் விசுவாசம் எங்கே?' என்று கேட்கவில்லை. தூங்கவிடுகிறார். ஒரு தேவதூதன் வந்து தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். தணலில் சுட்ட அடையும் தண்ணீரும். தமிழ் வேதாகமத்தில் 'அடை' என்றே இருக்கிறது. மொழிபெயர்த்த புண்ணியவானுக்கு நன்றி. சாப்பிட்டு மறுபடி தூங்குகிறார். மறுபடி எழுப்பி மறுபடி சாப்பாடு. அதற்கப்புறம் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் பேச்சுவார்த்தையே ஆரம்பிக்கிறது.

அங்கே எலியா புலம்புகிறார்: எல்லோரும் போய்விட்டார்கள், நான் ஒருத்தன்தான் மிச்சம். ஆபீஸில் நாம் தினமும் பாடும் பாட்டு. கடவுள் அதற்கு ஆறுதல் சொல்வதில்லை. கணக்குச் சொல்கிறார்: உன்னை மாதிரி இன்னும் ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள். பிறகு, வந்த வழியே திரும்பிப் போ என்கிறார். ராஜினாமா ஏற்கப்படவில்லை! கையில் மூன்று வேலைகளையும் கொடுக்கிறார். அதில் மூன்றாவது, எலிசாவைக் கூட்டிக்கொள் என்பது. அதாவது, இனிமேல் உனக்கு ஓர் உதவியாள்.

தூக்கம், சாப்பாடு, நடை, தனிமை, ஒரு தப்புக் கணக்கைச் சரி செய்தல், பழைய வேலை, புது உதவியாள். என் டாக்டருடைய சீட்டில் இதில் பாதிதான் இருந்தது.

"அப்போ வேலையை விடணும்னு தோணறது?" என்று கேட்டேன். பாஸ்டர் சிரித்தார். "நானும் மூணு தடவை விட்டுட்டுப் போகணும்னு கிளம்பினவன்தான் பிரதர். மாடு இருக்குதே, அதை யாரு பாத்துக்குவா?"

பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது: இந்த 'விட்டுவிட்டுப் போகத் தோன்றுவதை' 4-ம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார் எவாக்ரியுஸ் என்கிற எகிப்து பாலைவனத் துறவி. மத்தியான வேளையில் ஒரு பிசாசு வருமாம். பகல் நகரவே நகராது. துறவி ஜன்னலை எட்டிப் பார்ப்பார், சூரியன் எங்கே என்று அண்ணாந்து பார்ப்பார். இந்த இடமே பிடிக்காது, செய்கிற வேலை பிடிக்காது, சுற்றியிருக்கிறவர்களுக்கு அன்பே இல்லை என்று தோன்றும், வேறெங்காவது போனால் நிம்மதி என்று ஆசை காட்டும். பாலைவனக் குகைக்கு பதிலாக ஓ.எம்.ஆர். ரோடு கண்ணாடிக் கட்டடம், சூரியனுக்கு பதிலாகக் கம்ப்யூட்டரின் மூலையில் இருக்கிற கடிகாரம் என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். அவர் சொன்ன வைத்தியம், இடத்தைவிட்டு ஓடாமல் இருப்பது. நான் இதை அப்படியே எல்லோருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆளை நசுக்குகிற ஆபீஸ்கள் உண்டு. அங்கிருந்து முதல் பஸ்ஸைப் பிடிப்பதே விவேகம். ஆனால் ஓடத் தோன்றுகிற ஒவ்வொரு தடவையும் காரணம் ஆபீஸாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. சில சமயம் அது வெறும் தூக்கமின்மை.

நான்காம் நாள் காவலூர் பக்கம் போனோம். இந்த மலையில்தான் இருக்கிறது வைணு பாப்பு வானியல் ஆய்வகம். 1986-ல் ராஜீவ் காந்தி திறந்துவைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கி. இங்கிருந்து கண்டுபிடித்த ஒரு குறுங்கோளுக்கு ராமானுஜன் பெயர் வைத்திருக்கிறார்கள். எங்களை மாதிரியே நைட் ஷிஃப்ட் பார்ட்டிகள். ஒரு வித்தியாசம்: மேகம் மூடினால் வானத்தோடு சண்டை போட முடியாது, டோமைச் சாத்திவிட வேண்டியதுதான். எங்கள் ஆபீஸில் மேகம் மூடினால், 'மேகம் மூடியது' என்று இரண்டு காலம் செய்தி கேட்பார்கள்.

திரும்புகிற வழியில் பாஸ்டர் ஊர்ப் பையன்களைப் பற்றிச் சொன்னார். பாதிப் பேர் ஊரில் இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனி, குடகு காபி எஸ்டேட், கேரளாவில் கூலி வேலை. செம்மரம் வெட்டப் போனவர்களும் உண்டு. 2015 ஏப்ரல் 7-ம் தேதி திருப்பதி பக்கம் சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் இருபது பேரைச் சுட்டுக் கொன்றதே, அவர்களில் இந்த மலைக்காரர்களும் இருந்தார்கள். அந்தச் செய்திக்குத் தலைப்பு போட்ட மேஜைகளில் என் மேஜையும் ஒன்று. ஜீப்பில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஏ.சி. அறையில் உட்கார்ந்து 'களைத்துவிட்டேன்' என்று சொல்லிக்கொண்டு இவர்களுடைய சோற்றைச் சாப்பிட வந்திருக்கிறோமே என்று கூச்சமாக இருந்தது. ஓய்வு என்பதே வசதியுள்ளவன் சமாசாரமோ?

அன்று ராத்திரி பாஸ்டரின் பைபிளை வாங்கிப் புரட்டினேன். யாத்திராகமம். எகிப்தில் இஸ்ரவேலர்கள் செங்கல் அறுக்கிற அடிமைகள். 'எங்களுக்கு மூன்று நாள் லீவு வேண்டும், சாமி கும்பிட' என்று கேட்கிறார்கள். பார்வோன் என்ன செய்கிறான் தெரியுமா? 'சோம்பேறிகள், அதனால்தான் லீவு கேட்கிறார்கள்' என்கிறான். இனிமேல் வைக்கோல் தர மாட்டோம், நீங்களே பொறுக்கிக்கொள்ளுங்கள், ஆனால் செங்கல் எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது என்று உத்தரவு போடுகிறான். 'காஸ்ட் கட்டிங்'. டார்கெட் அதே டார்கெட்! எம்.பி.ஏ. படிக்காமலே பார்வோனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கிறது.

அந்தச் செங்கல் சூளையிலிருந்து தப்பித்து வந்தவர்களுக்குக் கிடைத்த சட்டங்களில் ஒன்றுதான் ஏழாம் நாள் ஓய்வு. முதலாளிக்கு மட்டுமல்ல, வேலைக்காரன், வேலைக்காரி, ஊருக்கு வந்த அந்நியன், மாடு, கழுதை எல்லோருக்கும். நீங்களும் எகிப்தில் அடிமையாக இருந்தீர்கள் என்பதை மறக்காதீர்கள் என்று காரணமும் உபாகமத்தில் இருக்கிறது. ஓய்வு வசதியுள்ளவனுக்கு என்றால் மாட்டை எதற்குச் சேர்க்க வேண்டும்? கூச்சம் முழுக்கப் போகவில்லை. ஆனால் அது திசை மாறியது. நான் ஓய்வெடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; என் கீழே வேலை பார்க்கிற பையன்களுக்கு அது கிடைக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

நம் ஊரிலும் ஞாயிற்றுக்கிழமை லீவு வானத்திலிருந்து விழவில்லை. நாராயண் மேகாஜி லோக்கண்டே என்பவர் வருஷக்கணக்கில் போராடி, 1890-ல் பம்பாய் மில் தொழிலாளர்களுக்கு வாங்கிக் கொடுத்தது. அவர் கிறிஸ்தவர் இல்லை, ஜோதிராவ் புலேயின் தோழர். 2023 ஏப்ரலில் நம் சட்டசபையிலேயே பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று வாபஸ் அறிவிப்பு வந்தது. அதே வருஷம் அக்டோபரில் நாராயண மூர்த்தி வாரத்துக்கு எழுபது மணி நேரம் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் அதைத் தொண்ணூறாக்கி, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எவ்வளவு நேரம்தான் மனைவி முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று கேட்டார். பார்வோனாவது மனைவியை இழுக்கவில்லை.

ஐந்தாம் நாள் ஞாயிறு. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து நடந்து வந்தவர்கள் இருபத்து மூன்று பேர். ஒரு டோலக், ஒரு தம்பூரின். பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பெரிய தரிசனம் எதுவும் கிடைக்கவில்லை. ஜெபம் பண்ண வாயைத் திறந்தேன், வார்த்தை வரவில்லை. இருபது வருஷமாக வார்த்தைகளால் பிழைக்கிறவனுக்கு! பக்கத்தில் இருந்த பாட்டி, என்ன ஏது என்று கேட்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டு எனக்காகவும் சேர்த்து ஜெபித்தார். என் பெயர்கூட அவருக்குத் தெரியாது. "இந்தப் பிள்ளைக்கு நல்லது பண்ணுங்கப்பா" என்றார். நாற்பத்தாறு வயசில் என்னைப் பிள்ளை என்று கூப்பிட ஓர் ஆள். கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இறங்கும்போது திருப்பத்தூர் வழியாக வந்தோம். அங்கே கிறிஸ்துகுல ஆசிரமம் இருக்கிறது. 1921-ல் இரண்டு டாக்டர்கள் ஆரம்பித்தது. ஒருவர் சவரிராயன் ஜேசுதாசன், இன்னொருவர் ஸ்காட்லாந்துக்காரர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். கதர் உடுத்தி, பிரம்மச்சாரிகளாக, பெரியண்ணன், சின்னண்ணன் என்று ஊர் கூப்பிட வாழ்ந்தவர்கள். கோபுரம் வைத்த கோயில் மாதிரியே அங்கே ஜெபாலயம். என்னைத் தொட்டது வேறு விஷயம்: வைத்தியமும் ஜெபமும் ஒரே வளாகத்தில் நடந்தன. ஜெபிப்பதற்காக வேலையை விடவில்லை. வேலை இருக்கிறதே என்று ஜெபத்தையும் விடவில்லை. அதோடு, ஆரம்பித்தவர்கள் இருவர். ஒருவர் இல்லை. எலியாவுக்கு எலிசா மாதிரி.

ஆபீஸுக்குத் திரும்பினேன். அதே மேஜை, அதே ராத்திரி. மாத்திரையை டாக்டர் சொன்ன மாதிரி படிப்படியாகத்தான் குறைத்தேன். ஜெபத்தை நம்பி மாத்திரையைத் தூக்கிப் போடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. டியூட்டிக்கு முன்னால் பதினைந்து நிமிஷம், ஆபீஸ் பக்கத்துக் கோயிலில் பின் பெஞ்சு. பல நாள் வெறுமனே உட்காருவேன். கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் ஓர் இடத்தில் உட்காருவது பத்திரிகைக்காரனுக்குப் புது அனுபவம்.

அடுத்தது, மோசேயின் மாமனார் சொன்னது. மோசே காலையிலிருந்து சாயங்காலம் வரை தன்னந்தனியாகப் பஞ்சாயத்து பண்ணிக்கொண்டிருப்பதை மாமனார் எத்திரோ வந்து பார்க்கிறார். 'இது நல்லதில்லை மாப்பிள்ளை, நீயும் ஓய்ந்து போவாய், ஜனமும் ஓய்ந்து போகும்' என்கிற ரீதியில் கண்டித்து, ஆயிரம் பேருக்கு ஒருவர், நூறு பேருக்கு ஒருவர், ஐம்பதுக்கு, பத்துக்கு என்று பிரித்துக் கொடுக்கச் சொல்கிறார். என் பக்கங்களில் இரண்டை ஜூனியர்களுக்குப் பிரித்துக் கொடுத்தேன். ஒரு பையன் என்னைவிட நன்றாகவே செய்கிறான். இதை ஏற்றுக்கொள்ள ஒரு மாசம் ஆனது.

கடைசியாக, பாஸிடம் போய் நின்றேன். "இனி ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஆஃப் வேணும் சார். பசங்களுக்கும் வாரத்துல ஒருநாள் கண்டிப்பா. அன்னிக்கு யாருக்கும் போன் பண்ணக் கூடாது."

"எலெக்‌ஷன் வந்தா? யாராவது பெரிய ஆள் செத்துப்போனா?"

இதற்கும் பைபிளில் பதில் இருந்தது. ஓய்வுநாளில் உங்கள் கழுதையோ மாடோ கிணற்றில் விழுந்தால் உடனே தூக்கிவிட மாட்டீர்களா என்று இயேசுவே கேட்டிருக்கிறார். "மாடு கிணத்துல விழுந்தா கூப்பிடுங்க சார், ஓடி வர்றேன். மத்ததுக்கு வேண்டாம்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மலைக்குப் போய் முற்றிவிட்டது என்று நினைத்திருக்கலாம். ஆனால் சம்மதித்துவிட்டார்.

இப்போது ஆபீஸில் அது சங்கேத வார்த்தையாகிவிட்டது. "சார், மாடு விழுந்துடுச்சு" என்று போன் வந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன். இந்த வருஷத்தில் நான்கு தடவை விழுந்தது. சில திங்கட்கிழமைகளில் அந்த வயிற்றுப் புரட்டல் இன்னும் வருகிறது. வந்தால், ராத்திரி சீக்கிரம் சாப்பிட்டுப் படுத்துவிடுகிறேன்.

போன ஞாயிறு ராத்திரி ஒன்பது மணிக்கு ஜூனியரிடமிருந்து மெசேஜ். பதறி எடுத்துப் பார்த்தேன்.

"கன்னுக்குட்டிதான் சார். நாங்களே தூக்கிட்டோம். தூங்குங்க."